பீற்றூட் போட்ட பூசை வைன்

போரால் யாழ்ப்பாணத்துக்கான பாதை மூடப்பட்டுக் கொழும்புச் சாமான் வருவது நின்ற தொண்ணூற்றிரண்டில், குருநகர்க் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு வைன் தீர்ந்துபோனது. கன்னியர்மடத்தில் வைன் வடிக்கப் பழகியவள் என்பதால் பங்குச் சுவாமி அந்தப் பொறுப்பை மரியரட்ணத்திடம் கொடுத்தார்.

அவள் உரும்பிராய்க்குச் சைக்கிள் மிதித்து, சிவக்கொழுந்தரின் தோட்டத்துப் பச்சைத் திராட்சையை வாங்கி வந்தாள். யூரியாவும் பூச்சிமருந்தும் தடைப்பட்டபின் அவர் கொடியடி மண்ணைக் கிளறி ஆட்டெருவும் பூவரசங்குழையும்தான் தாட்டார். பழம் சிறுத்தாலும் மண் இளகி மண்புழு பெருகியது. பிறகு ஒருவன் வீடு தேடி யூரியா கொண்டுவந்தபோதும் வேண்டாமென்று திருப்பிவிட்டார்.

சில வாரங்களில், அவள் பிழிந்து ஊற்றிவைத்த இரண்டு சாடிகளிலும் வைன் தெளிந்தது. வெளிர்மஞ்சள் நிறம், நாவில் பாரமில்லை, மெல்லிய புளிப்பு. மரியரட்ணத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. மற்றவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை.

“உது இளநித் தண்ணியெல்லோ” என்றார் கோயில் மூப்பர். சீனி போடச் சொன்னாள் பக்கத்து வீட்டுக்காரி. கணவன் கனிசியஸ் சாப்பிட இருக்கும்போதெல்லாம், “ஆண்டவற்றை ரத்தம் வெள்ளையே, சொல்லும்?” என்று தொடங்கிவிடுவான்.

“திராட்சைப் பழத்தைத் தவிர பூசை வைனுக்குள்ளை ஒண்டும் சேரக்கூடாது. நிறத்திலை என்ன கிடக்கு?” சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் உளைந்தது.

திருநாளுக்கு முதல்நாள் சந்தையால் திரும்பி வந்து ஒரு சாடியைத் திறந்தாள். உள்ளே செக்கச்செவேலென்று இருந்தது.

“இஞ்சாருங்கோ! இதுக்குள்ளை என்னத்தை ஊத்தினனீங்கள்?”

“கொஞ்சம் பீற்றூட் அவிச்சு... சனம் கதைக்குதெண்டு...” என்று இழுத்தான் கனிசியஸ்.

“சனத்துக்குக் கதைக்கிறதுதானே வேலை! உங்களுக்குப் புத்தி எங்கை போச்சுது?” கையிலிருந்த அகப்பை பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

அந்நேரம் பார்த்து, வைனின் அடிமண்டியை எருவுக்கு எடுத்துப்போகச் சிவக்கொழுந்தர் வந்தார். ஒரு சொட்டும் குடித்தறியாத சைவர். சாடியை எட்டிப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது.

“தம்பி, என்ரை கொடியிலை சிவப்புப் பழம் காய்க்கிறேல்லை. உப்பிடியெண்டால் அடுத்தமுறை பீற்றூட்டிலையே வைனை வடியும்.”

கனிசியஸ் தலையைச் சொறிந்தான்.

“கொண்டுபோங்கோ அண்ணை, உதையும் எருக்குழிக்குள்ளை ஊத்துங்கோ” என்று சொல்லிவிட்டு, மற்றச் சாடியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மரியரட்ணம் கோயிலுக்கு நடந்தாள். சுவாமி ஒரு துளி சுவைத்துப் பார்த்தார். “சுத்தமான வைன், பிள்ளை” என்றார். அவளுக்குக் கண் கலங்கியது.

மறுநாள் பூசையில், பீடத்துக் கண்ணாடிக் குப்பியில் அந்த வெளிர்மஞ்சள் மினுங்கியது. “தண்ணிமாதிரியெல்லே கிடக்கு” என்று பின்வரிசை வாங்கில் இருந்த யாரோ குசுகுசுத்தார்கள். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த வாங்கு முழுவதும் வாய்மூடி முழந்தாளிட்டது.