கழுத்துப் பக்கம்

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் சலூன் அது. அன்று தம்பியின் நாற்காலியில் இருந்தவர் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். தாடைக்குக் கீழே நுரையை வழிக்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது: இப்போது ஒரு இழுப்பு இழுத்துவிட்டால்? அவனுக்குக் கை நடுங்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கத்தியைப் போட்டுவிட்டு, வயிறு சரியில்லை என்று பின்பக்கம் போய்விட்டான். மீதிச் சவரத்தை அண்ணன் முடித்தான்.

அதன்பிறகு தம்பி கத்தியைத் தொடவில்லை. கை வலி என்று சொல்லிவைத்தான். முடி மட்டும் வெட்டினான். காதோரம் வந்தால் அதற்கும் மூச்சு முட்டியது. வீட்டில் காய் நறுக்கும் கத்தியை மேல் அலமாரியில் பழைய துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தான். மகள் மடியில் ஏறினால் இறக்கிவிட்டான். டிவியில் கொலைச் செய்தி வந்தால் அணைத்துவிட்டு, பிடிபட்டவனின் முகம் தன்னுடையதைப் போல இருந்ததா என்று யோசித்தபடி உட்கார்ந்திருப்பான். மனைவியிடம் சாப்பிடும்போதும் கேட்பான், விளக்கை அணைத்தபிறகும் கேட்பான்.

"நான் யாரையாவது ஏதாவது பண்ணிடுவேனா?"

"கரப்பான்பூச்சியப் பாத்தாலே கட்டில் மேல ஏறுற ஆளு நீங்க. பேசாம தூங்குங்க."

அந்தப் பதில் கொஞ்ச நேரம் தாங்கும். பிறகு அவளை எழுப்புவான்.

கடைசியில் அவள்தான் அவனை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். டாக்டரம்மா குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார்.

"இதுக்குப் பேரு ஓசிடி. கண்ட எண்ணமும் எல்லாருக்கும்தான் வரும். மத்தவங்க சீன்னு தள்ளிட்டுப் போயிடுவாங்க. நீங்க அதப் பிடிச்சு உக்கார வெச்சு விசாரிக்கிறீங்க."

"அப்படி நடக்கவே நடக்காதுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க டாக்டர்."

"சொன்னா இன்னிக்குத் தூங்குவீங்க. நாளைக்கு மறுபடி கேப்பீங்க." டாக்டரம்மா மனைவி பக்கம் திரும்பினார். "நீங்களும் பதில் சொல்லாதீங்கம்மா."

அன்று மாலையே கேட்டான். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கெஞ்சினான், பிறகு கத்தினான்.

"தெரியல" என்றாள். துலக்கி வைத்த தட்டையே மறுபடி எடுத்துத் துலக்கினாள்.

அலமாரியிலிருந்து கத்தி கீழே இறங்கவே பல வாரம் பிடித்தது. பயப்படுவதையே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பழகச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா; அதன்படி மகளைப் பக்கத்தில் நிற்கவைத்து வெள்ளரிக்காய் நறுக்கினான். நெஞ்சு அடித்துக்கொண்டது. ஓடாமல் நின்றான், அடித்து அடித்து அது தானாகத் தணிந்தது. மறுநாள் முடியவில்லை. அதற்கடுத்த நாள் முடிந்தது.

அடுத்து சவரம். அண்ணனிடம் உண்மையைச் சொல்லவேண்டி வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணன் பேப்பரை மடித்து வைத்தான்.

"அதான் கை வலியா?"

பிறகு எழுந்து வந்து, தானே துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான்.

"ஆரம்பி."

"பயமா இருக்குண்ணா."

"எனக்கும்தான்டா. மீசையில மட்டும் கை வெச்சுடாத."

தம்பி நுரையைப் பூசிவிட்டுக் கத்தியை எடுத்தான். கன்னம் இரண்டும் முடிந்து, தாடையைத் தாண்டியதும் எண்ணம் வந்தது, அதே சொற்களோடு. அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. அண்ணன் கண்ணை இறுக்கி மூடியிருந்தான். நுரைக்கு அடியில் குரல்வளை ஒருமுறை ஏறி இறங்கியது. அந்த அசைவு அடங்கும்வரை காத்திருந்து, தோலை விரலால் இழுத்துப் பிடித்து, கத்தியை வைத்தான். வெள்ளை நுரையில் தோலின் நிறத்தில் ஒரு கோடு மெல்ல விழுந்தது.