நீல உறை

எங்கள் சமுதாயக் கல்லூரிக்குப் உலோகம் கடையும் புதிய கம்ப்யூட்டர் லேத் வந்து மாதக்கணக்காகியும், மேலே போர்த்தியிருந்த தடித்த நீல பிளாஸ்டிக் உறையை யாரும் கழற்றவில்லை. ஆய்வுக் குழு வந்து பார்க்கும்வரை அது புத்தம் புதிதாகவே இருக்க வேண்டுமாம். நிர்வாகத் தலைவரின் உத்தரவு. உறைமேல் படியும் தூசியைத் துடைப்பது பட்டறை ஆசிரியனான என் வேலை. படித்த படிப்புக்கு நல்ல மரியாதை!

மாணவர்கள் பழைய லேத்தோடு மாரடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் டெய்லர் அக்கா. ஆயத்த ஆடை ஆலை மூடியதும் நாற்பது வயதில் எங்களிடம் வந்து சேர்ந்தவர். ஆய்வுக்கு மறுநாள் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலைத் தேர்வு. அங்கே இதே மாதிரி இயந்திரத்தை ஓட்டிக் காட்ட வேண்டும்.

"தொட்டே பாக்காம எப்படி சார் ஓட்டுறது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவரைக் கல்லூரி முதல்வர் அம்மாவிடம் அழைத்துப் போனேன். அம்மா கேட்டுவிட்டு நேரே பட்டறைக்கு வந்து, உறையின் கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்தார்.

"தலைவர் கேட்டா?" என்றேன்.

"நான் பேசிக்கிறேன். நீங்க கத்துக்குடுங்க."

முதல் நாளே அக்கா ஓர் அளவில் தசமப் புள்ளியை விட்டுவிட்டார். வெட்டும் கருவி பாய்ந்து மோதி, முனை படாரென்று ஒடிந்து தெறித்தது. இயந்திரத்தின் கதவுக் கண்ணாடியில் நீளமாக ஒரு கீறல். அக்கா அழுதேவிட்டார்.

"இங்க ஒடிஞ்சது நல்லதாப் போச்சு. தேர்வுல ஒடிஞ்சிருந்தா?" என்றார் முதல்வர் அம்மா. "வேற முனை மாட்டுங்க. மறுபடி ஓட்டுங்க."

சேதி தலைவர் காதுக்கு எட்டியது. "ஆய்வு அன்னைக்கு உறை மேல இருக்கணும். இல்லேன்னா உங்க நாற்காலியில வேற ஆள் உக்காருவாங்க!" அவர் போனில் கத்தியது எனக்கே கேட்டது.

அம்மா போனை வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார். "அந்த உறையில எத்தனை ஏப்ரன் தைக்கலாம்?"

ஆய்வு நாளன்று தலைவர் உறையைத் தேடினார். அது மாணவர்கள் இடுப்பில் இருந்தது. குழுத் தலைவி கண்ணாடிக் கீறலைத் தொட்டுப் பார்த்தார்.

"வண்டியில கொண்டு வர்றப்போ..." என்று ஆரம்பித்தார் தலைவர்.

"இல்லீங்க, நான்தான் மோதவிட்டேன்," என்றார் டெய்லர் அக்கா. "ஒரு புள்ளி வைக்க மறந்துட்டேன். இப்ப ஓட்டிக் காட்டவா?"

ஓட்டினார். வெளியே வந்த துண்டைக் குழுத் தலைவி தானே அளந்தார். அளவு சரியென்று தலையாட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமென்ன இதில்?

குழு போனதும் தலைவர் பல்லைக் கடித்தார். "நாளைக்குக் காலையில என் ஆபீசுக்கு வாங்க. உங்க நாற்காலியைப் பத்திப் பேசணும்."

"நாளைக்கு முடியாது சார். அக்காவுக்குத் தேர்வு. நான் கூடப் போறேன்," என்றார் முதல்வர் அம்மா.

"நானும்தான்," என்றேன், யாரும் கேட்காமலேயே.