காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர்

வீட்டுக்கு மனுக் கொடுக்க இசைவாணியைக் கூட்டிக்கொண்டு போனதே பொன்மணிதான்.

2008 சித்திரையில் அந்தச் செய்தி பட்டாசு ஆலை வேனில் வந்தது. சிவகாசிக்குள் சொந்த வீடில்லாமல் ஒற்றை அறை வாடகையில் கிடப்பவர்களுக்கு அரசாங்கம் அடுக்குமாடி வீடு கட்டித் தருகிறதாம். இருவரும் விஸ்வநத்தம் பக்கத்து ஆலையில் அருகருகே உட்கார்ந்து தரைச்சக்கரம் சுற்றுபவர்கள். குடியிருப்பதும் ஒரே காம்பவுண்டில், அடுத்தடுத்த அறைகளில். எட்டுக் குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ். வயதுக்கு வந்த மகள் காலையில் வாளியோடு அந்த வரிசையில் நிற்பதையும், எதிர் அறை ஆண்கள் பல் விளக்கிக்கொண்டே அவளைப் பார்ப்பதையும் பொன்மணியால் சகிக்க முடியவில்லை.

எட்டாவது வரை படித்த பொன்மணி இரண்டு மனுக்களையும் தானே நிரப்பினாள். இசைவாணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைக்க வேண்டாம் என்று ஒரு வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குப் பெயரெழுதப் பழக்கினாள். பொன்மணி 'இ' போட்டால் உள்ளே இரண்டு சுற்று கூடுதலாகச் சுழியும்.

"என்னக்கா, எம்பேருலயும் சக்கரம் சுத்தி வச்சிருக்க?" என்று இசைவாணி சிரித்தாள்.

மனுவில் சொந்த வீடு உண்டா என்று ஓர் இடத்தில் கேட்டிருந்தது. இசைவாணி தயங்கினாள். "வெம்பக்கோட்டை பக்கம் அவுக ஊர்ல, அவுக பங்குக்கு ரெண்டு செவரு நிக்கே. அதச் சொல்லணுமாக்கா?"

"கூரையில்லாத செவரு வீடாகுமாடீ? இல்லைன்னு போடுறேன்" என்று பொன்மணி எழுதினாள்.

ஆவணியில் பள்ளிக்கூட மைதானத்தில் குலுக்கல் நடந்தது. முந்நூற்றுச் சொச்சம் மனு, தொண்ணூற்றாறு வீடு. பதினோராவது சீட்டிலேயே இசைவாணியின் பெயர் வந்தது. தரைத்தளம். அவள் பொன்மணியைக் கட்டிப்பிடித்துக் கூச்சல் போட்டாள். பொன்மணியும் சிரித்தாள். அதன்பிறகு ஒவ்வொரு சீட்டாக எடுத்து முடித்தார்கள். பொன்மணியின் பெயர் தொண்ணூற்றேழாவதாக வந்தது. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர். வீடு கிடைத்தவர்களில் யாராவது வேண்டாமென்றாலோ, யாரையாவது நீக்கினாலோ உங்களுக்குத்தான் என்று அதிகாரி சொன்னார்.

மறுநாளிலிருந்து இசைவாணிக்கு வீட்டுப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. சக்கரம் சுற்றும் கை நிற்காமல் வாயும் ஓடியது. "கக்கூஸு உள்ளயே இருக்காம்க்கா. அடுப்படியில தண்ணிக் குளாயி. நான் பச்சைக் கலரு அடிக்கணும்ங்கேன், அவுக ரோஸுங்காக. நீயே சொல்லு."

பொன்மணி குனிந்து திரி ஒட்டினாள். இவளுக்கு எதற்குக் கக்கூஸ்? மூன்று வயதுப் பயல் ஒருவன்தானே பிள்ளை. தனக்கல்லவா குமரி இருக்கிறாள். மனுக் கொடுக்கும் இடம்கூட இவளுக்குத் தெரியாது. தன் கையால், தன் பேனாவால் எழுதிய பெயர் முந்திக்கொண்டு போய்விட்டது. சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால் சோறு இறங்கவில்லை. இசைவாணியின் புருஷன் பாலகுரு புதிதாக மின்விசிறி வாங்கி வந்து, பெட்டியைப் பிரிக்காமல் வாசல் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தான். அதைத் தாண்டித் தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் பொன்மணிக்கு வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். மகளின் நோட்டில் தாளைக் கிழித்து எழுதினாள். இசைவாணி, கணவர் பாலகுரு. இவர்களுக்குச் சொந்த ஊரில் வீட்டுப் பங்கு உள்ளது. மறைத்து மனுச் செய்துள்ளார்கள். விசாரிக்கவும். கீழே பெயர் போடவில்லை. தபால் பெட்டியில் அது விழுந்த சத்தம் கேட்டபோது நிம்மதியாகத்தான் இருந்தது. அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

பத்தாம் நாள் காலையில், வேன் வருவதற்கு முன்னால், அதிகாரி ஒருவர் பைலோடு காம்பவுண்டுக்குள் வந்தார். எல்லோரும் கூடிவிட்டார்கள். அவர் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். இசைவாணியின் முகம் வெளுத்தது.

"உங்க பேருதானம்மா இது?" என்று அவர் தாளை நீட்டி விரலால் தொட்டுக் காட்டினார்.

இசைவாணி குனிந்து பார்த்தாள். உலகத்திலேயே அவளால் படிக்க முடிந்த ஒரே சொல் அது. 'இ'க்குள் இரண்டு சுற்று கூடுதலாகச் சுழிந்திருந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தலையைத் தூக்கி, அதிகாரியைப் பார்க்காமல், கூட்டத்துக்குப் பின்னால் நின்ற பொன்மணியைப் பார்த்தாள்.

சொல்லப் போகிறாள், எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறாள் என்று பொன்மணி நினைத்தாள். ஆனால் இசைவாணி, "எம்பேருதான் சார். எங்க வீட்டப் பத்தி அந்தா நிக்காகளே, அவுகளுக்குத்தான் எல்லாம் தெரியும். அவுகளயே கேளுங்க" என்றாள்.

அக்கா என்ற சொல் அதில் இல்லை.

எல்லாத் தலையும் திரும்பியது. வீடு உண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பட்டியலில் அடுத்த பெயர் தன்னுடையது.

"ரெண்டு செவருதான் சார் நிக்கி" என்றாள் பொன்மணி கடைசியில். "கூரை கெடையாது. ஊர்த் திருளாவுக்குக் கூட்டிட்டுப் போனப்ப என் கண்ணால பாத்தேன். கருவேல மரம் மொளைச்சுக் கெடக்கு. வீடு இல்லைன்னு மனுவுல போட்டதும் நான்தான்."

அதிகாரி எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார். பொன்மணி போட்டாள். அவர் கையெழுத்தைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், பைலை மூடினார். ஊரிலும் போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் கிளம்பினார்.

கூட்டம் கலைந்ததும் பொன்மணி பக்கத்தில் போனாள். "இசை..."

"ஒனக்கு வேணும்னா கேட்டிருக்கலாம்ல" என்றாள் இசைவாணி.

"கேட்டா குடுத்திருவியா?"

"குடுத்திருக்க மாட்டேன். ஆனா நீ எரியிறன்னு தெரிஞ்சிருக்கும். ஒம்முன்னாடி பச்சைக் கலரு, ரோஸ் கலருன்னு பேசிக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்ல."

வேன் ஆரன் அடித்தது. இருவரும் அதே வேனில்தான் போனார்கள். ஆலையில் இசைவாணி போர்மேனிடம் கேட்டு வேறு அறைக்கு மாறிக்கொண்டாள்.

அதிகாரி ஊருக்குப் போய்ச் சுவர்களைப் பார்த்தார். இசைவாணியின் பெயர் நிலைத்தது. ஐப்பசியில், தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக்கிடந்த வாரத்தில், அவர்கள் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனார்கள். பொன்மணி கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். காம்பவுண்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்ட இசைவாணி அவள் கதவை மட்டும் தட்டவில்லை.

தையில் பொன்மணிக்குக் கடிதம் வந்தது. வீடு கிடைத்த குடும்பம் ஒன்று திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டது. அந்த வீடு அவளுக்கு. மூன்றாவது மாடி. யார் பெயரையும் கெடுக்காமல் ஐந்து மாதம் சும்மா இருந்திருந்தாலே வந்திருக்கக்கூடிய வீடு. அதை நினைத்துக் கடிதத்தோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மகள்தான் குதித்தாள்.

பால் காய்ச்சிய அன்று இசைவாணிக்கும் சொல்லி அனுப்பினாள். பாலகுரு மட்டும் வந்தான். நின்றபடியே ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு, "அவளுக்குத் தலைவலி, மைனி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

அடுப்படி ஜன்னலைத் திறந்தால் எதிர் வரிசைத் தரைத்தளம் தெரியும். இசைவாணி பச்சைதான் அடித்திருந்தாள். சாயங்காலங்களில் அவள் வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். கூடவே இன்னொரு பெண்ணும் இருப்பாள். இருவரும் முறத்தை நடுவில் வைத்து அரிசியில் கல் பொறுக்குவார்கள். இசைவாணி ஏதோ சொல்ல, அந்தப் பெண் அவள் தோளில் தட்டிச் சிரிப்பாள். அவள் யார், எந்த ஆலை, எந்த ஊர் என்று பொன்மணிக்குத் தெரியாது. சொந்தக் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். பொன்மணி குடத்தைக் கவனிக்காமல் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.