ஒற்றைக் கேமரா பார்க்காத கோல்

நாலாவது டிவிஷன் கால்பந்து ஆட்டத்துக்கு டிவிக்காரர்கள் ஒரே ஒரு கேமராதான் அனுப்புவார்கள். அந்தக் கேமரா பார்க்காத கோல், நாட்டைப் பொறுத்தவரை பாதி விழுந்த கோல்தான். கிராட்வெல் மைதானத்தில், உயரமான மேடையில் நின்று அந்தக் கேமராவைப் பிடிப்பவள் மார்னி. தொண்ணூறு நிமிட ஆட்டம் ஹைலைட்ஸில் ஒருவர் பல் தேய்த்து முடிப்பதற்குள் ஓடிவிடும். இருந்தாலும் உயிரைக் கொடுத்துப் படம் பிடிப்பாள். ஒரே சிக்கல், அவள் பிறந்ததிலிருந்து கிராட்வெல் ரசிகை.

சனிக்கிழமை கடைசி நிமிடம். கிராட்வெல் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. கார்னர் கிடைத்ததும் கோல்கீப்பர் கிளென் ட்வைட் தன் கோலை அம்போ என்று விட்டுவிட்டு, அடுப்பில் பாலை மறந்தவர் மாதிரி எதிர்ப்பக்கம் ஓடி வந்தார். முப்பத்தேழு வயது, இரண்டு முழங்காலிலும் கட்டு, வாழ்க்கையில் ஒரு கோல்கூட அடித்ததில்லை. பந்து வந்தது, பத்துப் பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள், பந்து உள்ளே போனது. ஆனால் பந்து எழும்பியபோதே மார்னி இரண்டு கையையும் தூக்கிக் கத்தியிருந்தாள். பிடியை விட்டதும் கேமரா மூக்கைத் தூக்கிக்கொண்டு தகரக் கூரையைப் பார்த்தது.

மழையில் ஒரு ஆள்கூட போனை வெளியே எடுக்கவில்லை. இருப்பதைப் போடுகிறோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். கிளென்னோ, ஆட்டம் முடிந்த உற்சாகத்தில், தன் முதல் கோலைப் பார்க்க ஞாயிறு காலை மறுஒளிபரப்புக்கு ஊரையே கிளப் பாருக்கு அழைத்திருந்தார். அவர் அம்மா பஸ் பிடித்து வந்து, டிவிக்கு நேர் எதிரே, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். போகாமலே இருந்துவிடலாமா என்று யோசித்த மார்னி, மனசு கேட்காமல் வந்து கதவோரம் நின்றாள்.

திரையில் கார்னர் அடித்தார்கள். பந்து எழும்பியது. பிறகு தகரக் கூரை, அதில் நனைந்த ஒரு புறா, பின்னணியில் மார்னியின் அலறல். ஸ்டூடியோவில் இருந்தவர் நிதானமாகச் சொன்னார்: "பந்து உள்ள போயிருச்சாம். புறா பாத்திருக்கு, நம்புங்க."

சிரிப்பில் பாரே குலுங்கியது. இதில் நீ எங்கேடா என்று அம்மா கேட்டார். மார்னி முகம் சிவந்து, கிளென்னை ஒரு ஓரமாக இழுத்துப் போய் மன்னிப்புக் கேட்டாள்.

"மன்னிப்பா? நீ என் மானத்தக் காப்பாத்திருக்க, கண்ணு," என்றார் கிளென், குரலைத் தாழ்த்தி.

பந்து தன்னிடம் வராது என்று நினைத்து அவர் திரும்பி, தன் கோலுக்கே ஓடக் கிளம்பியிருக்கிறார். பின்மண்டையில் ஏதோ மோதியது. கோல் என்பதே ரசிகர்கள் கத்திய பிறகுதான் தெரியுமாம். அது மட்டும் டிவியில் வந்திருந்தால் கிறிஸ்துமஸ் வரைக்கும் திரும்பத் திரும்பப் போட்டுச் சிரித்திருப்பார்கள். ராத்திரி முழுக்க அதே கவலையில் தூங்கவில்லை என்றார்.

அதற்குள் அம்மா கூப்பிட்டார். "அப்ப எப்படித்தான்டா அடிச்ச?"

"பாய்ஞ்சு, நெத்தியால முட்டினேம்மா. மார்னிதான் மேல இருந்து பாத்தாளே, அவளையே கேளு."

பார் மொத்தமும் மார்னி பக்கம் திரும்பியது. எல்லாவற்றையும் மேலிருந்து தெளிவாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

"நெத்தியில பட்ட சத்தம் எனக்கு மேல வரைக்கும் கேட்டுச்சுங்க," என்றாள்.

அம்மா அப்போதுதான் கோட்டைக் கழற்றினார். கிளென் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். பின்மண்டை இன்னும் கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது.