சீக்கிரம் முடிந்த துண்டு

நாத்தனாருக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். ரயில் பிரேக்கை இயக்கும் கணினியில் எந்தக் கணக்கு எப்போது ஓட வேண்டும் என்று அட்டவணை போடுவது அண்ணியின் பன்னிரண்டு வருட வேலை. புதிதாக வந்த பிரேக் கணக்கைப் பார்த்துவிட்டு, "பத்து மில்லி செகண்டுக்குள்ள இது அடங்கவே அடங்காது" என்று கைவிரித்துவிட்டாள். எட்டு மாதம் முன்பு சேர்ந்த நாத்தனார், அதையே ஒன்பது துண்டாக வெட்டி, சிப்பில் ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கணக்குப் போடும் நான்கு கோருக்கும் பங்கு போட்டாள். ஒன்பதரை மில்லி செகண்டில் முடிந்தது. மேலாளர் எழுந்து நின்று கைதட்டினார்.

வீட்டிலும் அதே பாட்டு. "என் தங்கச்சி சின்ன வயசுலயே அப்படித்தான்" என்றான் கணவன், தட்டைக் கழுவியபடி.

"ஒரு சிலை வச்சிடுங்க."

மறுநாளிலிருந்து அண்ணி சோதனை அறையே கதி என்று கிடந்தாள். சரிபார்க்க இல்லை, ஓட்டை கண்டுபிடிக்க. ஒவ்வொரு துண்டுக்கும் அதிகபட்ச நேரம் கொடுத்து ஓட்டினாள். மொத்தம் ஒன்பதரையைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் மதியம், வெறுப்பில் ஐந்தாம் துண்டின் நேரத்தைக் குறைத்தாள். மொத்தம் பத்தைத் தாண்டியது! திரும்ப ஓட்டினாள். அதேதான். ஐந்தாம் துண்டு சீக்கிரம் முடிந்ததும், சும்மா இருந்த கோர் ஏதோ சில்லறை வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டது. கண நேரம் கழித்துத் தயாரான பெரிய துண்டு இடமில்லாமல் காத்துக் கிடந்தது.

அண்ணிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. நாளை கூட்டத்தில், எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசித்து வைத்தாள்.

அப்போது தலைக்கவசத்தோடு நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "அண்ணி, சோதனை ஓட்டத்தை இன்னைக்கே வச்சுட்டாங்க. நானும் ரயில்ல போறேன்."

நாத்தனார் நாலு எட்டு போன பிறகுதான் அண்ணி கூப்பிட்டாள்.

"ஏறாத! இங்க வா, இதப் பாரு."

நாத்தனார் திரையைப் பார்த்தாள். ஓட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். "முன்னாடி முடிஞ்சாலும் அடுத்த துண்டு அதோட நேரம் வர்ற வரைக்கும் காத்திருக்கட்டும்" என்று முணுமுணுத்தாள். நாற்பது நிமிடத்தில் சரி செய்துவிட்டாள். அண்ணிக்கு ஒரு வாரமாவது ஆகியிருக்கும்.

மறுநாள் கூட்டத்தில் நாத்தனாரே எழுந்தாள். "இதைக் கண்டுபிடிச்சது எங்க அண்ணி. எனக்காக மூணு நாள் உக்காந்திருக்காங்க." அறையே கைதட்டியது. அண்ணிக்கு முள்மேல் நிற்பது போலிருந்தது.

வெளியே வந்ததும் சொல்லிவிட்டாள். "உனக்காக இல்லடி. உன்னைத் தலைகுனிய வைக்கத்தான் உக்காந்தேன்."

"தெரியும் அண்ணி," என்று சிரித்தாள் நாத்தனார். "ஆனா ஏற விடலையே."

அதைக்கூட இவ்வளவு அழகாகச் சொல்லத் தெரிந்திருக்கிறதே என்று அண்ணிக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.