வெங்காய வாசனை வீசிய சிப்பாய்

விமானப்படையில் ஆயுளில் பாதியை முட்டை பொரித்தே கழித்தவன் நான். வேறு ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். விமானப்படைத் தளத்துக்கு அடியில் வேற்றுக்கிரகவாசிகளை ஒளித்து வைத்திருப்பதாக நம்புகிற எங்கள் நியூ மெக்சிகோ பக்கத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தளத்துக்கு அடியில என்ன நடந்துச்சு, வெர்னன்?" என்று கேட்கிறார்கள். அடியில் ஒன்றும் நடக்கவில்லை. அடியில் உருளைக்கிழங்கு மூட்டைகள் இருந்தன.

என் மனைவி நோரீனுக்கு ஒரு தூக்கக் கோளாறு. விடிகிற நேரத்தில் விழிப்பு வரும், கை கால் அசையாது, நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும். பயத்தில் வேர்த்துக் கிடப்பாள். பலருக்கு வருவதுதான் என்று டாக்டர் சொன்னார், அவளும் நம்பினாள். ஹாலிஸ் ப்ரூட்டைச் சந்திக்கிற வரைக்கும்.

ஹாலிஸ் முன்பு தரைவிரிப்பு விற்றவன். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் சர்ச்சின் அடித்தள அறையில் ஆட்களை மனவசியத்தில் ஆழ்த்தி, வேற்றுக்கிரகவாசிகள் தூக்கிப்போன கதையை வெளியே எடுக்கிறான். முதலில் நோரீன் பெரிய கண்களைப் பார்த்தாள். சரி, தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் அந்தக் கண்களுக்குப் பின்னால் நம் ராணுவச் சீருடைக்காரர்கள் நிற்க ஆரம்பித்தார்கள். இரண்டு தரப்பும் கூட்டாகச் செய்கிறார்களாம்.

அதன் பிறகுதான் நானும் கூடப் போனேன். ஒன்றும் பேசாமல், அங்கே கொடுத்த டோனட்டைத் தின்றுவிட்டு வந்திருக்கலாம்.

நோரீன் நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்தாள். "உன்னைப் பிடிச்சிருக்கிற சிப்பாய் பக்கத்துலதானே நிக்கிறான்? என்ன வாசனை வருது?" என்று ஹாலிஸ் கேட்டான்.

"வெங்காயம்" என்றாள்.

அறையே திரும்பி என்னைப் பார்த்தது.

அவள் முப்பது வருஷமாக ஒரு சமையல்காரன் பக்கத்தில் படுக்கிறாள். வேறென்ன வாசனை வரும்? எனக்குக் கோபம் பொங்கிவிட்டது. "இங்க பாருங்க, எனக்கு ராணுவத்தைத் தெரியும். அடுப்பு கெட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுத்தா அடுத்த வருஷம் தப்பான அடுப்பு வரும். கர்னல் பொண்டாட்டி ஓடிப்போனது கர்னலுக்கு முன்னாடி தட்டு கழுவுறவனுக்குத் தெரியும். அங்க வேற்றுக்கிரகத்துக்காரன் வந்திருந்தா சாயங்காலத்துக்குள்ள முடிவெட்டுற கடையில அதுதான் பேச்சா இருந்திருக்கும்" என்றேன்.

ஹாலிஸுக்குக் கோபமே வரவில்லை. "இப்படிச் சொல்லத்தான் உங்களைப் பழக்கியிருக்காங்க, சார்ஜென்ட்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா!"

"ஞாபகத்தை அழிச்சிருப்பாங்க."

"அப்ப நான் என்ன சொன்னா, எதுவும் நடக்கலைன்னு ஒத்துக்குவீங்க?"

அவன் உண்மையாகவே யோசித்தான். பிறகு வருத்தத்தோடு, "அப்படி ஒண்ணு இல்லையே" என்றான்.

தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள் கையைத் தூக்கினாள். "தளத்துல ராத்திரி வேலைக்காரங்களுக்குச் சாப்பாடு போகுமா?"

"போகும். பொட்டலம் கட்டி லாரியில ஏத்துவோம்."

"யாருக்குப் போச்சு?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? பொட்டலத்து மேல பேரா எழுதியிருக்கும்?"

சொல்லி முடித்ததுமே மாட்டிக்கொண்டேன் என்று புரிந்தது. "அப்ப அடியில இருந்தவங்களுக்குத்தான்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அந்த அம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதோடு நோரீன் என் கையால் சாப்பிடுவதை நிறுத்தினாள். மலைமேல் ஹாலிஸுக்கு ஒரு பண்ணை இருக்கிறது. போன் கிடையாது. இதற்கு முன் போனவர்கள் பிள்ளைகளுக்குக்கூட ஒரு வரி எழுதிப் போட்டதில்லை. சனிக்கிழமை தானும் போவதாகச் சொன்னாள். "அங்க யாரும் என்னைத் தொட முடியாது."

"இங்க யாரு தொடுறா?"

அவள் என் கைகளைப் பார்த்தாள்.

கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். டாக்டரைக் கூப்பிட்டேன், பாதிரியாரைக் கூப்பிட்டேன். ஒவ்வொருவர் வந்துபோன பிறகும் அவள் பெட்டியில் இன்னும் இரண்டு துணி கூடியது. சனிக்கிழமை காலை ஹாலிஸின் வேன் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவில் கைவைத்தாள். போனால் திரும்ப மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது?

"ஏறாதே. ஏறினா உத்தரவு மாறிடும்" என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது. "என்ன உத்தரவு?"

"இந்த வீட்டுக்குள்ள உன்னைத் தொடக்கூடாதுன்னு நான் பேசி வாங்கியிருக்கேன். வெளிய போயிட்டா எதுவும் என் கையில இல்ல."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் என் கதையும் உடைந்திருக்கும், ஹாலிஸின் கதையும் சேர்ந்து உடைந்திருக்கும். அவள் முகத்தில் வந்தது நிம்மதி. எத்தனையோ நாளாக நான் பார்க்காத நிம்மதி.

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல."

"இல்ல, கண்ணு."

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அழுதாள். சாய்ந்து அழுதது கதவின்மேல், என்மேல் இல்லை. வேன் இன்னொரு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது.

இப்போது நன்றாகத் தூங்குகிறாள். நான் கூடத்து சோபாவில் படுக்கிறேன். அவள் கேட்கவில்லை, ஆனாலும் வெங்காயத்தை விட்டுவிட்டேன். ஒருநாள் மனசு தாங்காமல், "நோரீன், அன்னிக்கு நான் சொன்னது பூரா பொய். நான் வெறும் சமையல்காரன்" என்றேன். அவள் மேலே விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மெதுவாகத் தலையாட்டினாள். "புரியுது. ஒட்டுக்கேட்டுக்கிட்டு இருக்காங்க, இல்ல?"

இன்று காலை முட்டையும் பச்சை மிளகாய்ச் சாறும் வைத்தேன். இப்போதெல்லாம் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு என் எதிரில் வந்து நேராக நின்றாள்.

"பால் தீர்ந்துபோச்சு. கடைக்குப் போகட்டுமா?"

"இதெல்லாம் என்ன கேள்வி? போயிட்டு வா" என்றேன்.

அவள் நகரவில்லை.

"எத்தனை மணிக்குள்ள வரணும், சார்?"