கோழிக்கால் தையல்

அலமாரிக்கு மேலே பந்தைக் காணவில்லை. அது இருந்த இடம் மட்டும் தூசி படியாமல் வட்டமாகத் தெரிந்தது. வீட்டில் இருப்பது நானும் என் வீட்டுக்காரர் வால்ட்டரும்தான். எடுத்தது யார் என்று கண்டுபிடிக்க போலீஸ் வர வேண்டியதில்லை.

தொழிற்சாலைச் சங்கு ஊதி, அவர் வந்து, பூட்ஸைக் கழற்றும் வரை பொறுத்தேன். என் சுபாவத்துக்கு அதுவே பெரிய பொறுமை.

"யோவ், பந்து எங்கே?"

"பட்டறையில இருக்கு. கொஞ்ச நாளைக்குத்தான் டோரா." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பூட்ஸைப் பார்த்துப் பேசினார். "புது ரயில் எஞ்சினுக்கெல்லாம் ஃபுட்பால் கிளப்புப் பேரா வெக்கிறாங்கல்ல? பேர்ப் பலகைக்குக் கீழ பித்தளையில பாதிப் பந்து வரணுமாம். ஆபீஸ்ல இருந்து வந்த படத்துல சும்மா ஒரு வட்டம் போட்டு அனுப்பியிருக்கான். அதைப் பாத்து செஞ்சா பூசணிக்காய்தான் வரும். அதான் நம்ம பந்தை முன்னால வெச்சு செதுக்கிட்டேன். வார்ப்போட ஒத்துப் பாக்கற வரைக்கும் அது அங்க இருக்கணும்."

"நம்ம பந்தா? நீ எப்பய்யா ஆடினே?"

வால்ட்டர், ஸ்கெல்பி ஊர் ரயில் தொழிற்சாலையில் மர அச்சு செதுக்குகிறவர். அவர் செதுக்கிய மரத்தை மணலில் பதித்து, அந்தக் குழியில்தான் உருக்கிய பித்தளையை ஊற்றுவார்கள். கண்ணெதிரே எது இருக்கிறதோ அதை அப்படியே செதுக்குவார். ஈயடிச்சான் காப்பி என்பார்களே, அந்த ரகம். பந்தின் மேல் ஈ உட்கார்ந்திருந்தால் ஈயையும் செதுக்கியிருப்பார்.

"பந்துல இருந்த ஒட்டுத் தையலையும் சேத்தா செதுக்கினே?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. செதுக்கினேன்."

அன்றைக்கு எனக்குக் கோபம் பாதி, சிரிப்பு பாதி. ஏனென்றால் அந்த ஒட்டு ஃப்ளோரி போட்டது.

ஜெர்மன்காரனோடு நடந்த சண்டைக்காலத்தில் ஆண்களெல்லாம் பிரான்சுக்குப் போன பிறகு, அந்தத் தொழிற்சாலையில் பீரங்கிக் குண்டு செய்தவர்கள் பெண்கள் நாங்கள்தான். சாப்பாட்டு வேளையில் முற்றத்தில் பந்து உதைக்க ஆரம்பித்தோம். பிறகு அணியானோம். பிறகு ஊர் ஊராகப் போய் ஆடினோம், காயம்பட்ட சிப்பாய்களின் ஆஸ்பத்திரிக்காக. சண்டை முடிந்த பிறகும் விடவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஸ்கெல்பி டவுன் கிளப்பின் மைதானத்தில் நாங்கள் ஆடியபோது, உள்ளே இடமில்லாமல் ஜனங்கள் வெளியே மரத்தில் ஏறிப் பார்த்தார்கள். டவுன் பையன்கள் ஆடிய எந்த ஆட்டத்துக்கும் அந்தக் கூட்டம் வந்ததில்லை. அவர்கள் கேலரிக்குக் கூரை போட்டதுகூட அன்றைய வசூலில்தான்.

அந்த ஆட்டத்தில்தான் பந்து கேலரித் தூணில் நீட்டிக்கொண்டிருந்த ஆணியில் பட்டுக் கிழிந்தது. வேறு பந்து கிடையாது. எங்கள் கேப்டனும் கோல்கீப்பருமான ஃப்ளோரி, தன் பூட்ஸின் தோல் நாக்கை வெட்டி எடுத்து, இடைவேளையில் மைதானத்து ஓரத்திலேயே உட்கார்ந்து ஒட்டுப் போட்டாள். குளிரில் கை விறைத்து, தையல் கோழிக்கால் மாதிரி கோணிக்கொண்டு போனது. அதோடு ஆடி ஜெயித்தோம்.

அடுத்த வருஷம், பெண்களுக்கு இந்த ஆட்டம் ஒத்துவராது, எந்தக் கிளப்பும் அவர்களுக்கு மைதானம் தரக் கூடாது என்று லண்டனில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். டவுன் கிளப்பின் தலைவர் ஆர்மிட்டேஜ், நிலக்கரி மண்டிக்காரர், வாசல் கேட்டைத் தன் கையாலேயே பூட்டினார். கேலரிக் கூரையை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் பதினைந்து வருஷமாகியும் எனக்கு ஆறவில்லை; ஆறவும் வேண்டாம்.

எனவே எங்கள் பந்து, ஒட்டும் தையலுமாக, எஞ்சின் எஞ்சினாக ஏறிப் போவது எனக்கு உள்ளுக்குள் பிடித்திருந்தது. பேரெல்லாம் ஆண்கள் கிளப்புப் பேர்தான். எங்கள் பேரை எந்த எஞ்சினுக்கும் வைக்கப்போவதில்லை. ஆனால் லண்டனுக்கு ஓடும் வண்டிகளின் விலாவில் ஃப்ளோரியின் கோழிக்கால். ரயில் பெட்டி கழுவும் வேலை பார்க்கும் ஃப்ளோரியிடம் சொன்னபோது, வாளியைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"என் தையலைப் பாத்து எங்க அம்மா தலையில அடிச்சுக்குவா. இப்ப பித்தளையிலயே வாத்துட்டானுங்களா! பந்தை மட்டும் பத்திரமா வாங்கி வெச்சுக்கடி. நம்மகிட்ட மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்."

அதைத்தான் வாங்கி வைக்க முடியவில்லை.

டவுன் கிளப்பின் பேரையும் ஒரு எஞ்சினுக்கு வைப்பதென்று முடிவான வாரம் வால்ட்டர் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமல் நின்றார். தொப்பியைக் கழற்றாமல் நின்றால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

"பெரிய மேனேஜர் பட்டறைக்கு வந்தாரு. கூட ஆர்மிட்டேஜ். பந்தைப் பாத்ததும், 'அட, இது நம்ம பழைய பந்து மாதிரியில்ல இருக்கு'ன்னு ஆர்மிட்டேஜ் சொன்னாரு. மேனேஜர் எடுத்து அவர் கையில குடுத்துட்டாரு. கிளப்புல கண்ணாடிப் பெட்டி செஞ்சு வெக்கப் போறாங்களாம்."

"நீ என்ன சொன்னே?"

தொப்பியின் விளிம்பை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வாயைத் தொறந்து 'இது என் பொண்டாட்டியோடது'ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? உன் வாய்க்கென்ன வாதமா?"

"மேனேஜர் முன்னால எப்படிடீ..."

அன்று இரவு அவருக்கு ரொட்டியும், டிரிப்பிங் என்கிற உறைந்த மாட்டுக் கொழுப்பும்தான், அதையும் அவரே தடவிக்கொண்டார். மறுநாள் காலையில் நானே ஆர்மிட்டேஜின் மண்டிக்குப் போனேன். அவர் தராசுக்குப் பின்னால் நின்றபடி, என்னை நிலக்கரித் தூசியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஏம்மா, பந்துன்னா எல்லாப் பந்தும் ஒரே மாதிரிதான் இருக்கும். உங்க பந்துதான்னு என்ன நிச்சயம்? சனிக்கிழமை எஞ்சின் திறப்பு விழாவுக்கு வந்து கைதட்டிட்டுப் போங்க."

வருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை தூறலில் ஸ்டேஷன் நிரம்பி வழிந்தது. அன்று மதியம் டவுனுக்கு ஆட்டம், ஆகவே ஊரே கிளப்பின் நீல வெள்ளைத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்திருந்தது. பேண்டு வாசித்தார்கள். பச்சை எஞ்சின் கழுவித் துடைத்து நின்றது. சக்கரத்துக்கு மேலே பேர்ப் பலகையைக் கொடியால் மூடியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு சின்ன மேஜை, அதன்மேல் வெல்வெட் துணி, துணியின்மேல் எங்கள் பந்து. நல்லா மெருகு வேறு போட்டிருந்தார்கள், பாவிகள்.

ஆர்மிட்டேஜ் கொடியை இழுத்தார். ஸ்கெல்பி டவுன் என்ற எழுத்தும், கீழே பித்தளைப் பாதிப் பந்தும் பளபளத்தன. கைதட்டல் அடங்கியதும் பேச ஆரம்பித்தார்.

"இந்தப் பந்து, சண்டைக்கு முன்னால கோப்பை ஆட்டத்துல நம்ம பையன்கள் ஆடின பந்து. இதோ இந்த ஒட்டு, அன்னிக்குப் பட்ட வீரத் தழும்பு! நாட்டுல ஓடுற அத்தனை எஞ்சின்லயும் இனி ஸ்கெல்பி டவுனோட தழும்பு இருக்கும்!"

வால்ட்டர் என் முழங்கையைப் பிடித்தார். உதறிவிட்டு முன்னால் போனேன்.

"ஐயா, அந்த ஒட்டு யாரு போட்டது?"

"என்னம்மா? தள்ளி நில்லு, போட்டோ எடுக்கணும்."

"வீரத் தழும்புன்னீங்களே. தெச்சது யாரு?"

"அந்தக் காலத்து ஆளு யாராவது தெச்சிருப்பாங்க..."

"உங்க கேலரி வடக்குத் தூண்ல ஒரு ஆணி. அதுல குத்திக் கிழிஞ்சுது. தெச்சது ஃப்ளோரி, தன்னோட பூட்ஸ் நாக்கை வெட்டி. தெச்ச எடம் உங்க மைதானம்." நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். "இங்க நிக்கிறவங்கள்ல பாதிப் பேர் அன்னிக்கு அங்க இருந்தீங்க. மரத்துல தொங்கிக்கிட்டுப் பாத்தீங்க! இப்ப என்ன, வாயில கொழுக்கட்டையா?"

சிலர் கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு கிழட்டுக் குரல், "அந்த ஆணி இன்னும் அங்கதான் இருக்கு. போன வாரம்கூட என் கோட்டைக் கிழிச்சுது" என்றது. கூட்டம் குபீரென்று சிரித்தது.

ஆர்மிட்டேஜின் முகம் சிவந்தது. "சரி, ஆனது ஆச்சு. சண்டைக்காலத்துல பொம்பளைங்க ஏதோ வேடிக்கைக்கு உதைச்சாங்க. அதையெல்லாம் கிளப்புன்னு சொல்ல முடியுமா? இந்தப் பந்துக்கு மரியாதை குடுக்கத்தானே நாங்க..."

வேடிக்கை என்றார். எங்கள் முட்டி தேய்ந்தது வேடிக்கை. ஆஸ்பத்திரிக்குப் போன காசு வேடிக்கை. அவர் தலைக்கு மேலே இருக்கும் கூரை வேடிக்கை. அவர் மேலும் என்ன சொன்னாரோ, எனக்குத் தெரியாது. கூட்டத்தின் கடைசியில், வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றிருந்தாள் ஃப்ளோரி. இரண்டு கையையும் விரித்தாள். முறம் மாதிரி கை அவளுக்கு, அன்றும் இன்றும்.

"டோரா! இங்க குடுடி!"

வெல்வெட்டிலிருந்து பந்தை எடுத்தேன், பிளாட்பாரத்தில் ஒரு தட்டு தட்டினேன், உதைத்தேன். சர்ச்சுக்கு மட்டும் போடும் என் நல்ல செருப்பும் கூடவே பறந்தது. பந்து ஆர்மிட்டேஜின் தொப்பியை உரசி, பேண்டுக்காரர்களைத் தாண்டி, நேராக ஃப்ளோரியின் மார்புக்குப் போனது. அவள் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாளியிலிருந்து இறங்கி, யாரையும் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள். ஜனங்கள் வழிவிட்டார்கள். சிலர் தொப்பியைக்கூடக் கழற்றினார்கள். பதினைந்து வருஷம் கழித்துத் தொப்பி கழற்ற வந்துவிட்டார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

திங்கட்கிழமை மத்தியானமே வால்ட்டர் வீட்டுக்கு வந்தார். தொப்பி தலையில்தான் இருந்தது.

"வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"இல்லை. டவுன் எஞ்சின்ல இருந்து பலகையைக் கழட்டி என் பெஞ்சுல கொண்டாந்து போட்டிருக்காங்க. அந்தத் தையலை அரத்தால ராவிட்டு, மெருகு போட்டு, திருப்பி மாட்டணுமாம். ஆர்மிட்டேஜுக்கு அது கண்ணுல படவே கூடாதாம்."

"மத்த எஞ்சின்?"

"அதெல்லாம் எங்கெங்கயோ ஓடிக்கிட்டிருக்கு. அதைக் கூப்பிட்டு ராவ முடியாதுன்னுட்டாரு மேனேஜர். இது ஒண்ணை மட்டும்தான்." அவர் தொப்பியைக் கழற்றினார். "டோரா, நான் முடியாதுன்னு சொல்லிடறேன். போனாப் போகுது வேலை. அன்னிக்கு வாயைத் தொறக்கலை. இன்னிக்குத் தொறக்கிறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் பேசிய முதல் ஆம்பளைப் பேச்சு அதுதான். நான் அவர் தொப்பியை வாங்கி, அவர் தலையிலேயே திரும்ப வைத்தேன்.

"போய் ராவுய்யா."

"என்னடி சொல்றே?"

"நல்லா ராவு. ஒரு முடிச்சு தெரியக் கூடாது. அந்த எடமே வழுக்கையாகணும். மத்தவன் எஞ்சின்ல எல்லாம் ஃப்ளோரி தையல் ஓடட்டும். எங்களுக்குக் கேட்டைப் பூட்டினவன் எஞ்சின்ல அது எதுக்கு?"